வருகைப் பதிவேடும் தீபாவளிப் பருவமும்: பட்டாசு வட்டாரத்தில் மாலை வகுப்பின் பயனை அளத்தல்

பள்ளி நேரம் முடிந்த பின் நடத்தப்படும் மாலை வகுப்புகள் மாணவர்களின் மதிப்பெண்ணை உயர்த்துகின்றனவா என்ற வினாவுக்கு, விருதுநகர் மாவட்டத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் இரண்டு சான்றுகளே காட்டப்பட்டு வருகின்றன. ஒன்று, பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காடு. மற்றொன்று, மாலை வகுப்பின் வருகைப் பதிவேட்டைக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வு மதிப்பெண்களோடு பொருத்திப் பார்க்கும் ஒப்பீடு. முதற்சான்றை ஒதுக்குவதற்கு அதிக உழைப்பு தேவையில்லை. இரண்டாவதோ எண்களோடும் அட்டவணைகளோடும் வருவதால் அறிவியல் தோற்றம் கொண்டு, அடுத்தடுத்து எழுதுவோரால் கேள்வியின்றி ஏற்கப்பட்டு நிற்கிறது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பட்டாசு வட்டாரத்தில் அந்தப் பதிவேடு, ஒரு குழந்தை எவ்வளவு கற்பிக்கப்பட்டது என்பதைவிட, அந்தக் குழந்தையின் வீட்டில் அந்த மாதம் எவ்வளவு வேலை இருந்தது என்பதையே தெளிவாகக் காட்டுகிறது என்பதும், அதனால் அதன்மேல் எழுப்பப்பட்ட முடிவுகள் மறுவாசிப்புக்கு உரியன என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 2017ஆம் ஆண்டு விருதுநகர் மாவட்டம் 97.85 விழுக்காட்டோடு மாநிலத்தில் முதலிடம் பெற்றது, 2018இல் 97.05 விழுக்காட்டோடு மீண்டும் முதலிடம். 2023இல் மறுபடியும் அதே 97.85. இந்த ஆறு ஆண்டுகளுக்கிடையே 1200 மதிப்பெண் தேர்வு 600 மதிப்பெண்ணாகச் சுருங்கியது. பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடப்பட்டன. 2021இல் பொதுத்தேர்வே நடக்கவில்லை. இத்தனைக்குப் பின்னும் இரண்டாம் தசம இடம் வரை மாறாமல் வந்து நிற்கும் ஓர் எண்ணிடம், மாலை வகுப்பு கூடியதா குறைந்ததா, பயன் தந்ததா இல்லையா என்று கேட்டால் அது என்ன விடை சொல்லும்? நூறில் 35 எடுத்தவரும் 95 எடுத்தவரும் அதில் ஒன்றாகவே எண்ணப்படுவர். உச்சவரம்பை ஏறத்தாழ எட்டிவிட்ட அளவுகோலுக்கு மேலும் உயர இடமில்லை. மாவட்டத்தின் ஆசிரியர்கள் பல்லாண்டுகளாக அதிகாலையிலும் மாலையிலும் நடத்திவரும் சிறப்பு வகுப்புகளின் உழைப்பு உண்மையானது; அதை அளக்கும் கருவிதான் பொருந்தவில்லை.

இனிப் பதிவேடு. காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் முடிகிறது. அதில் குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் ‘மெல்லக் கற்கும் மாணவர்கள்’ என்று பட்டியலிடப்பட்டு, மாலையில் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ தனியே அமர்த்தப்படுகின்றனர். கோடிட்ட ஒரு நோட்டில் இடப்பக்கம் பெயர்கள், மேல்வரிசையில் தேதிகள். வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்குச் சிவப்பு மையில் வேறொரு குறி. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு நடந்ததும், குறிகளின் கூட்டுத்தொகை ஒரு பத்தியிலும் இரு தேர்வுகளுக்கிடையே கூடிய மதிப்பெண் மறு பத்தியிலும் எழுதப்படுகின்றன. அதிக நாள் வந்தவருக்கு அதிக மதிப்பெண் கூடியிருந்தால் வகுப்பு பயன் தந்தது என்று முடிவு கட்டப்படுகிறது. இந்த நடைமுறையைத்தான் முந்தைய ஆய்வுப்போக்கும், சொற்களைச் சற்றே நுட்பமாக்கிக்கொண்டு, பின்பற்றுகிறது.

இதில் பொதுவாகச் சுட்டப்படும் இரண்டு குறைகளைத் துறை அறியும். தாழ்ந்த மதிப்பெண்ணால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அடுத்த தேர்வில் எதுவும் செய்யாமலேயே சற்று மேலேறுவர்; காய்ச்சலோ கவனக்குறைவோ ஒரு தேர்வில் கீழே தள்ளியவரை மறு தேர்வும் அதே அளவு தள்ளுவதில்லை என்பதால் நிகழும் இதனைச் சராசரி நோக்கிய மீள்வு என்பர். அடுத்தது தெரிவுச் சாய்வு, அதாவது வகுப்புக்கு வருவோரும் வராதோரும் தொடக்கத்திலேயே வேறுபட்டவர்களாக இருப்பதால் விளையும் பிழை. ஆர்வமுள்ள பெற்றோரின் பிள்ளைகளே வருகிறார்கள், ஆகவே பயன் மிகைப்படுத்தித் தெரிகிறது என்பது வழக்கமான எச்சரிக்கை. இரண்டும் சரியே, ஆனால் இரண்டும் எங்கும் பொருந்துபவை. இந்த வட்டாரத்துக்கே உரிய மூன்றாவது ஒன்று இருக்கிறது. இதுவரை கவனிக்கப்படாதது அதுவே.

பட்டாசுத் தொழில் ஓர் ஒற்றைத் திருநாளை நோக்கி ஓடும் தொழில். தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலை உச்சத்தில் இருக்கும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் ஓய்ந்து கிடந்து, பின்னர் மெல்லத் தொடங்கும். கூலியில் பெரும்பகுதி நாளுக்கென்று இல்லாமல் செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்பவே தரப்படுவதால், உச்சப் பருவத்தில் ஒவ்வொரு மணி நேரமும் வீட்டுக்குப் பணம். அம்மா ஆலை வண்டியில் விடியலில் ஏறி இருட்டுகிற வேளையில் இறங்குகிறார் என்றால், பள்ளியிலிருந்து நாலரை மணிக்குத் திரும்பும் ஏழாம் வகுப்புப் பெண் குழந்தைக்குக் காத்திருப்பவை எவை என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை: தண்ணீர்க்குடம், உலை, பால்வாடியிலிருந்து வந்துவிட்ட தம்பி. திண்ணையில் பாட்டி காகிதக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தால், ஈரப் பசை தடவிய தாளைக் கம்பியில் உருட்டி, உருவி, வெயில் தாழ்வதற்குள் காயவைக்க இன்னொரு கை வேண்டும். அந்தக் கை மாலை வகுப்புப் பதிவேட்டில் அன்று ஒரு சிவப்புக் குறியாகிறது.

ஆக, செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வீட்டு வேலையின் உச்சத்தில் வருகிறது. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வேலை தணிந்த பின் வருகிறது. இவ்விரண்டுக்கும் இடையே மதிப்பெண் கூடுகிறது. இடையில் மாலை வகுப்பும் நடக்கிறது. மதிப்பெண் கூடியது வகுப்பாலா, வேலை தணிந்ததாலா என்பதை இந்த ஒப்பீட்டால் பிரித்துச் சொல்ல இயலாது. அதற்கும் மேலாக, வருகையும் அதே கடிகாரத்தின்படியே ஏறி இறங்குகிறது: வேலை தணிந்தால் வருகை கூடும், படிப்பு நேரமும் கூடும். ஒரே காரணத்தால் ஒரே திசையில் நகரும் இரண்டு விளைவுகளை எடுத்துக்கொண்டு, ஒன்றை மற்றொன்றின் காரணமாக வாசித்திருப்பதே முந்தைய போக்கின் அடிப்படைப் பிழை.

இவ்விடத்தில் எழுப்பப்படும் மறுப்பு ஒன்றே. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 1988இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டமும், எம்.சி.மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் சேர்ந்து குழந்தைகளை ஆலைகளிலிருந்து வெளியேற்றிவிட்ட பின், வேலைப் பருவத்தைப் பற்றிப் பேசுவது பழங்கதை என்பர். ஆலை வாசலைப் பற்றிய மறுப்பு இது. இங்கே பேசப்படுவது வீட்டுத் திண்ணை. உலையும் தம்பியும் எந்தச் சட்டத்தின் அட்டவணையிலும் இல்லை. மேலும், 2016இல் திருத்தப்பட்ட சட்டம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று தடுத்த அதே வேளையில், அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பின்னரும் விடுமுறையிலும் குழந்தை உதவலாம் என்று விலக்களித்திருக்கிறது. பட்டாசு அபாயத் தொழில் என்பதால் அந்த விலக்கு அதற்குச் செல்லாது. ஆயினும், ‘பள்ளி நேரத்துக்குப் பின்’ என்று சட்டம் திறந்துவிட்ட பொழுதும் மாலை வகுப்புக்கென்று கல்வித்துறை குறித்த பொழுதும் ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே பொழுதை இரண்டு துறைகள் இரண்டு பேருக்கு ஒதுக்கியிருக்கின்றன. மாலை வகுப்பின் பயன் என்பது, அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தை வேறு என்ன செய்திருக்கும் என்பதோடு ஒப்பிட்டே அளக்கத்தக்கது. விளையாடியிருக்கும் குழந்தைக்கும் குழாய் சுற்றியிருக்கும் குழந்தைக்கும் அந்த ஒப்பீடு ஒன்றாகாது.

இந்த வாசிப்பைச் சோதித்துப் பார்க்க வழியிருக்கிறது என்பதே அதன் வலிமை. தேர்வு மாதங்கள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுவதில்லை. தீபாவளியோ மாறிக்கொண்டே இருக்கிறது. 2022இல் அது அக்டோபர் 24. 2023இல் நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. தீபாவளி முந்தி வரும் ஆண்டில் வேலையின் உச்சம் காலாண்டுத் தேர்வின் மேலேயே விழும். பிந்தி வரும் ஆண்டில் அது தேர்வைத் தாண்டி அக்டோபருக்குள் நகரும். ஆகவே, காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் இடையே கூடும் மதிப்பெண் 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் அதிகமாகவும் 2023இல் குறைவாகவும் இருக்குமானால், அந்த வேறுபாட்டுக்கு மாலை வகுப்பைக் காரணம் காட்ட முடியாது. பஞ்சாங்கத்தை எந்தத் தலைமையாசிரியரும் மாற்றுவதில்லை. வேறுபாடு தென்படாவிட்டால் இக்கட்டுரையின் வாதம் பெருமளவு வலுவிழக்கும் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்வது நேர்மை.

ஒப்பீட்டுக்கு உரிய இடங்களும் மாவட்டத்துக்குள்ளேயே உள்ளன. காரியாபட்டி, திருச்சுழி வட்டாரங்களின் மானாவாரி வேளாண்மை தீபாவளிக் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, மழையைப் பார்க்கிறது. அருப்புக்கோட்டையை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கு ஓடும் நெசவுத் தறிக்கும் தீபாவளித் தேவை உண்டு. எல்லாவற்றிலும் கூர்மையான ஒப்பீடு சிவகாசி நகருக்குள்ளேயே கிடைக்கிறது. அந்நகரின் அச்சுத் தொழில் வேறொரு பருவத்தில் ஓடுவது: ஆடிப் பெருக்கை ஒட்டி நாட்காட்டி ஆல்பங்கள் வெளியிடப்பட்டு, ஆணைகள் குவிந்து, ஆண்டு பிறப்பதற்குள் அனுப்பியாக வேண்டிய நெருக்கடி டிசம்பரில் உச்சம் பெறுகிறது. தாள் அடுக்குவதும் தகரம் அடிப்பதுமாக அந்த வீடுகளில் ஆள் குறைவது அரையாண்டுத் தேர்வின்போதுதான். ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியரிடம், ஒரே மாலை வகுப்பில் அமரும் இரண்டு குழந்தைகளில் பட்டாசு வீட்டுக் குழந்தையின் மதிப்பெண் டிசம்பரில் ஏறியும் நாட்காட்டி வீட்டுக் குழந்தையின் மதிப்பெண் ஏறாமலும் இருந்தால், கற்பித்தலைக் கொண்டு அதை விளக்குவது கடினம். பள்ளிச் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோரின் தொழில் கேட்கப்படுகிறது. அந்தப் பத்தியில் ‘கூலி’ என்ற ஒரே சொல்லை எழுதி நிரப்பிவிடுவதே பெரும்பாலான இடங்களில் வழக்கம் என்பதால், கையிலிருக்கும் சான்று கைநழுவிப் போகிறது.

எளிதாகக் கிடைக்கும் இன்னொரு சோதனையை இக்கட்டுரை ஏற்கவில்லை. சரவெடியையும் பேரியம் உப்பையும் தடை செய்து 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின், அவ்வாண்டுத் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. வேலை நின்ற அந்தக் கோடைமுன் பருவத்தில்தான் 2019 மார்ச் பொதுத்தேர்வு நடந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் முதலிடம் திருப்பூருக்குச் சென்றது. வேலையில்லாத ஆண்டில் மதிப்பெண் ஏறவில்லையே, பருவ வாதம் இங்கே பொய்த்ததே என்று கேட்கலாம். வேலை நின்றபோது கூலியும் நின்றது என்பதே விடை. நேரம் கிடைத்த வீட்டில் அரிசி கிடைக்கவில்லை. எதிரெதிரே இழுக்கும் இரண்டு விசைகள் ஒன்றாக வந்த ஆண்டு அது. போதாக்குறைக்கு 600 மதிப்பெண் முறைக்கு மாறிய முதல் தேர்வும் அதுவே. அதிலிருந்து எதையும் நிறுவ முடியாது.

பதிவேட்டு ஒப்பீட்டுக்கு ஆதரவாக அண்மைக் காலத்தில் எடுத்துக்காட்டப்படுவது ‘இல்லம் தேடிக் கல்வி’ பற்றிய மதிப்பீடு. 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட அத்திட்டத்தில், 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு அவர்கள் குடியிருப்பிலேயே, ஏறத்தாழ இருபது பேருக்கு ஒருவராக, மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித் தந்தனர். அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டு ஊரகப் பகுதியில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்து எழுதிய ஆய்வு, 2021 டிசம்பரில் குழந்தைகள் 2019இன் அதே வயதினரைவிடக் கணிதத்தில் 0.73, மொழியில் 0.34 திட்ட விலக்கம் பின்தங்கியிருந்தனர் என்று கண்டது. திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு விரிந்து கிடக்கின்றன என்பதற்கான அளவு. பள்ளிகள் திறந்து ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. மீண்டதில் ஏறத்தாழ 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் விளைந்தது என்பது அவர்கள் மதிப்பீடு.

இந்த 24ஐ நிதானமாக வாசிக்க வேண்டும். மாலை வகுப்பு மதிப்பெண்ணை 24 விழுக்காடு உயர்த்தியது என்பது இதன் பொருளாகாது. இழந்ததில் மீண்ட பகுதியின் நான்கில் ஏறக்குறைய ஒரு பங்கு அதனுடையது. எஞ்சிய முக்கால் பங்கு பள்ளி திறந்ததாலும் பிறவற்றாலும் வந்தது. இந்த மதிப்பீடு வகுப்புக்கு வந்தோரையும் வராதோரையும், முந்தைய சோதனை மதிப்பெண்ணைச் சமன்செய்துகொண்டு, ஒப்பிட்டுப் பெறப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் அது தகுந்த முறையே. ஆனால் அதே முறையைப் பட்டாசு வட்டாரத்துக்குப் பெயர்த்து எடுத்துவந்தால் பிழை நுழைகிறது. 2021இல் தீபாவளி நவம்பர் 4. டிசம்பர்ச் சோதனையின்போது வேலை அடங்கியிருந்தது. அடுத்த சோதனைக்குள் ஆலைகள் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டன. டிசம்பரில் சம நிலையில் இருந்த இரு குழந்தைகளில் ஒருத்தி இடையில் வீட்டு வேலைக்கு இழுக்கப்பட்டு வகுப்பையும் விட்டு, வீட்டுப்பாடத்தையும் விட்டிருந்தால், அவளுக்கும் வகுப்புக்கு வந்தவளுக்கும் இடையிலான முழு வேறுபாடும் வகுப்பின் கணக்கில் ஏறிவிடும். முந்தைய மதிப்பெண்ணைச் சமன்செய்வது கடந்தகால வேறுபாட்டைத்தான் நீக்கும். இனி வரப்போகும் பருவத்தை அது அறியாது. அந்த ஆய்வாளர்கள் இப்படியொரு பெயர்ப்பைக் கோரவில்லை. அவர்கள் பெயரால் இங்கே எழுதுவோரே கோருகின்றனர்.

அதே ஆய்வின் இன்னொரு கண்டறிவு போதிய கவனம் பெறவில்லை. இழப்பு வறிய வீட்டுக் குழந்தைகளிடம் அதிகமாக இருந்தது; மீட்சியும் அவர்களிடமே விரைவாக இருந்தது; அதற்கு மாலை வகுப்பு உதவியிருக்கக்கூடும். அதாவது, மிகப் பின்தங்கியவருக்கே வகுப்பால் மிகுந்த பயன் கிடைத்திருக்கக்கூடும். அப்படியானால், பட்டாசு வட்டாரத்துப் பதிவேட்டில் சிவப்புக் குறி நிறைந்த வரிக்கு உரிய குழந்தையே வகுப்பால் அதிகம் பயனடையக்கூடியவர். அவருடைய பயன் எந்த அட்டவணையிலும் வராது, ஏனெனில் அவர் வரவில்லை. பதிவேடு ஒருபுறம் வந்தோரின் பயனைக் கூட்டிக் காட்டுகிறது. மறுபுறம் வந்திருந்தால் கிடைத்திருக்கும் பயனை மறைக்கிறது. இவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று எண்ண எந்த ஆதாரமும் இல்லை. மாலை வகுப்பு பயன்தரும் என்பதில் இக்கட்டுரைக்கு ஐயமில்லை. யாருக்கு, எவ்வளவு என்பதைப் பதிவேட்டை வைத்துச் சொல்ல முடியும் என்பதே மறுக்கப்படுகிறது.

எந்த மதிப்பெண்ணை அளப்பது என்பதும் தீர்க்கப்படாத வினா. டெல்லியில் அரசுப் பள்ளி மாணவர்கள் 619 பேரை வைத்து நடந்த, முரளிதரன், சிங், கணிமியன் ஆகியோர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளி நேரத்துக்குப் பின் கணினிவழிப் பயிற்சி தரும் மையத்தில் இடம் பெறுவோர் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நாலரை மாதத்தில் தனிச் சோதனைகளில் கணிதம் 0.37, இந்தி 0.23 திட்ட விலக்கம் உயர்ந்தன. பள்ளியின் சொந்தக் கணிதத் தேர்விலோ குறிப்பிடத்தக்க உயர்வு தென்படவில்லை. எட்டாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் குழந்தை நான்காம் வகுப்பு வகுத்தலை இப்போதுதான் கற்றுக்கொண்டது என்றால், எட்டாம் வகுப்புக் கேள்வித்தாளில் அதைக் காட்ட ஒரு கேள்வியும் இராது. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணை மட்டும் நம்பியிருந்தால் அந்த வகுப்பு வீண் என்று எழுதப்பட்டிருக்கும். இங்கே ஒரே கருவி, வேலைப் பருவத்தால் பயனைப் பெருக்கியும் பாடநிலை உயரத்தால் பயனை மறைத்தும் காட்டக்கூடியது. எந்தப் பள்ளியில் எது மிஞ்சும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

குலுக்கலில் குழந்தைகளைப் பிரிப்பது அறமாகுமா என்ற கேள்வியில் நீண்ட நேரம் செலவிட வேண்டியதில்லை. தன்னார்வலர் எண்ணிக்கை எப்படியும் போதாது. சில கிராமங்கள் ஜூனிலும் சில ஜனவரியிலும் வகுப்பைப் பெறும் நிலைதான் நடைமுறை. முந்தியது எது, பிந்தியது எது என்பதைப் பரிந்துரையின்படி முடிவு செய்யாமல் சீட்டெடுத்து முடிவு செய்தால், யாரும் எதையும் இழக்காமலேயே ஒப்பீடு கிடைத்துவிடும்.

அதுவரை செய்யக்கூடியது சிறிது. மாலை வகுப்புப் பதிவேட்டில் இன்று இரண்டே குறிகள் உள்ளன: வந்தார், வரவில்லை. பதிவேட்டை எழுதும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும் சிவப்புக் குறிக்கு அருகே இன்னொரு பத்தியை வரைந்து, குழந்தை ஏன் வரவில்லை என்பதை அடுத்த நாள் கேட்டு ஒரே சொல்லில் குறித்து வைக்க வேண்டும்: காய்ச்சல், தம்பி, குழாய், ஊருக்குப் போனது. 2026இல் தீபாவளி நவம்பர் 8. அதற்கு முந்தைய ஜூனிலேயே அந்தப் பத்தியை வரைந்துவிடுங்கள்.